வேலித் தூண் மேல் வைத்த பால்

நீ பாட்டுக்குச் சக்கரத்தைப் பாரு, ஐசக். நான் இங்க மரத்தடியில உக்காந்துக்கறேன். உங்கிட்ட ஒரு காரியம் இருக்கு, சொல்றேன். அவசரமில்ல. இல்ல, அவசரந்தான். சக்கரம் சரியானா நீ கெளம்பிடுவ இல்ல? சரி, சரி. மொதல்ல உன் மாட்டைப் பத்தி ஒரு வார்த்த. எடப்பக்கத்து மாட்டுக்கு நுகத்தடி ஒரசி ஒரசிக் கழுத்து புண்ணாயிருக்கு. நேத்து சாயங்காலம் உன் வண்டி எங்க தோட்டத்து வாசல்ல சாஞ்சு நின்னப்பவே பாத்துட்டேன். பைன் மரத்துத் தார் கொண்டாந்திருக்கேன், தடவி விடறேன். கூலி ஒண்ணும் வேணாம். அல்ஃபா சாலியூ யார்கிட்டயும் கூலி வாங்கினதில்ல.

அதான் என் பேரு. இங்க எல்லாரும் டியூக்னு கூப்பிடறாங்க. பிரபுன்னு அர்த்தமாம். கப்பல்லருந்து எறக்கி விக்க நிறுத்தினப்ப நான் தலையக் குனியாம நின்னேன். பென்ட்லி துரை அதப் பாத்துச் சிரிச்சாரு, சிரிச்சுக்கிட்டே அந்தப் பேர வெச்சாரு. நாய்க்குட்டிக்கு ராஜான்னு பேர் வெக்கறதில்லையா, அந்த மாதிரி. எங்க வாப்பா யாருன்னு அந்த மனுசனுக்கு என்ன தெரியும்? வாப்பா குதிரையில ஏறினா சேணத்தைப் பிடிக்க ஒருத்தன், ஈட்டியத் தூக்கிட்டு வர ஒருத்தன், முன்னால அவரு பாட்டன் பூட்டன் பேரையெல்லாம் பாடிக்கிட்டே போக ஒருத்தன். மலைமேல எங்க ஊரு. எங்க மாடுங்க எறங்கி ஓடையில தண்ணி குடிச்சா ஓடை மறைஞ்சு போயிடும்.

நீ இங்கயே பொறந்தவன், ஐசக். உனக்கு இது பழகினது. தப்பா எடுத்துக்காத, உள்ளதச் சொல்றேன். எனக்கு அப்படியில்ல. எனக்கு நடந்தது ஒரு தப்பு. ஒரு சண்டையில, ரெண்டு பாறைக்கு நடுவுல மடக்கிப் பிடிச்சு, யாரு என்னன்னு விசாரிக்காம கடற்கரையில கொண்டுபோய் வித்துட்டானுங்க. விக்க வேண்டியவன் எத்தனையோ பேர் இருந்தான். கப்பலப் பத்தி நான் பேச மாட்டேன், நீ கேக்காத.

இங்க வந்ததும் கையில மண்வெட்டியக் குடுத்தாங்க. நான் தொடல. எங்க சனம் மண்ணைக் கொத்தாது. அதுக்குன்னு ஆளுங்க இருந்தாங்க, மலைக்குக் கீழ அவங்களுக்குன்னு தனி ஊரே இருந்துச்சு. வெளையற தானியத்த மேல கொண்டாந்து குடுத்துடுவாங்க. பாட்டுப் பாடிக்கிட்டே கொத்துவாங்க. சந்தோசமாத்தான் இருந்தாங்க, எங்க வாப்பா மேல உசுரையே வெச்சிருந்தாங்க. இங்க கங்காணி என்னைக் கட்டிவெச்சு அடிச்சான். அப்பவும் தொடல. மறுபடி அடிச்சான். முதுகக் காட்டட்டுமா? வேணாம். நீயும் பாத்திருப்ப இதெல்லாம்.

கடைசியில ஒரு பசு கன்னு போட முடியாமக் கெடந்து தவிச்சிக்கிட்டிருந்துச்சு. நான் போய் கைய விட்டுக் கன்னத் திருப்பி வெளிய எடுத்தேன். துரை பாத்துக்கிட்டிருந்தாரு. அன்னிலருந்து மாட்டுப்பட்டி எம்பொறுப்பு. மாடு மேய்க்கறது எங்களுக்குக் கௌரவம். ராசா மகனும் மேய்ப்பான். அதனால நான் இன்னிக்கு வரைக்கும் இந்த மண்ணுல மண்வெட்டி போடாதவன். பருத்திக் காட்டுல பாடறாங்களே, கேட்டிருப்ப. துரை விருந்தாளிங்கள மாடியில நிறுத்தி, என் ஆளுங்க எவ்வளவு சந்தோசமாப் பாடறாங்க பாருங்கன்னு காட்டுவாரு. வயிறு எரியறவன் பாடறான், அத சந்தோசங்கறாரு. முட்டாப்பய.

எங்க விட்டேன்? ரோடா. அவளையும் நீ பாத்திருப்ப. துணி வெளுக்கற எடத்துச் செவுத்துல சாஞ்சு நிக்கறாளே, அவதான். இங்க பாத்துக்கிட்டுத்தான் நிக்கறா. திரும்பாத, திரும்பாத. இந்த மண்ணுல பொறந்தவ, பெரிய எடம்னு சொல்ல முடியாது. ஆனா மனுசி. நான் விடியறதுக்கு முன்ன சுபுஹு தொழுகைக்கு எந்திரிக்கறப்ப அவளும் எந்திரிச்சு ஒரு சொம்பு தண்ணி வெச்சிட்டுப் போவா, ஏன் எதுக்குன்னு கேட்டதில்ல. எங்களுக்கு மொதல்ல பொறந்தது பொண்ணு.

இப்பச் சொல்றத நல்லாக் கேளு. இது புரிஞ்சாத்தான் மத்தது புரியும். எங்கள்ல மொதப் பிள்ளைய அப்பன் தூக்கக் கூடாது. நாலு பேர் முன்னால அதப் பாத்துச் சிரிக்கக் கூடாது. பேர் சொல்லிக் கூப்பிடவே கூடாது. வேணாங்கறதுக்காக இல்ல. உசுருக்கு உசுரானதுங்கறதுக்காக. பசிய வெளிய காட்டாதவன், வலிய வெளிய காட்டாதவன், ஆசையையும் வெளிய காட்டாதவன், அவன்தான் எங்கள்ல மனுசன். அடுத்த பிள்ளைங்களக் கொஞ்சிக்கலாம், தப்பில்ல. நானும் மொதப் பிள்ளதான். எங்க வாப்பா வாயால என் பேரை நான் கேட்டதில்ல. "அவன் சாப்பிட்டானா?"ன்னு உம்மாகிட்ட கேப்பாரு. அந்த "அவன்" காதுல விழுறதுக்காக நான் கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டிருப்பேன்.

இவ பொறந்த ஏழாம் நாள் பேர் வெக்கக் கெடா அறுக்க வழியில்ல. காதுல பாங்கு சொல்லி, கூடவே அவ பேரையும் மெதுவாச் சொன்னேன். எங்க உம்மா பேரு. என்ன சொன்னேன்னு ரோடா கேட்டா, துவா ஓதினேன்னு சொல்லிட்டேன். துரை வீட்டுல நான்சின்னு பேர் வெச்சாங்க. ரோடாவும் அப்படியே கூப்பிட்டா. நான் எப்படியும் கூப்பிடல. நல்லவனுக்கு அது அழகு.

சாயங்காலம் நான் பட்டி வாசல்ல நின்னு மாட்டைக் கூப்பிடுவேன். எங்க ஊர்க் கூப்பாடு, தொண்டையில அடியிலருந்து வரணும். காட்டுல எங்க நின்னாலும் மாடு வந்துடும். மாட்டுக்குப் பின்னால அவ வருவா, வாளியத் தூக்கிட்டு. நான் திரும்ப மாட்டேன். கறந்ததும் நொரையோட மொதக் கிண்ணத்தை வேலித் தூண் மேல வெப்பேன். யாருக்குன்னு சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரத்துல பின்பக்கம் கிண்ணம் நகர்ற சத்தம் கேக்கும். அப்பறம் காலிக் கிண்ணம் திரும்பி அங்கயே இருக்கும். சில நாள் மாடெல்லாம் வந்து சேந்தும் அவளக் காணோம்னா, நான் இன்னொரு தடவ கூப்பிடுவேன். கங்காணி சிரிப்பான். "எல்லாம் வந்தாச்சே டியூக், இன்னும் எந்த மாட்டைக் கூப்பிடற?"ம்பான்.

அப்பறம் பையன் பொறந்தான். அவனத் தோள்மேல தூக்கிக்கிட்டுத் திரிஞ்சேன், மீசையப் பிடிச்சு இழுப்பான். ரெண்டாவது பிள்ள இல்லையா, கொஞ்சலாம். அவளுக்கும் சேத்து அவனக் கொஞ்சினேன்னு வெச்சுக்கோயேன். அவ தூர நின்னு பாத்துக்கிட்டிருப்பா. புரிஞ்சிருக்கும் அவளுக்கு. என் ரத்தந்தானே, புரியாமலா இருக்கும்.

அந்தப் பக்கத்து ஆணி தளர்வா இருக்கு பாரு. ஆமா, அதுதான்.

துரை மகளுக்குக் கல்யாணம் வெச்சாங்க. மாப்பிள்ளைக்கு ஆத்தோட கீழ, கரும்புச் சீமையில தோட்டம். பொண்ணோட ஒரு ஆளையும் சீராக் குடுக்கணும்னு பேச்சு வந்துச்சு. சீரா ஆள் குடுக்கறது ஒண்ணும் புதுசில்ல, எங்க ஊர்லயும் உண்டு. என் தங்கச்சி நிக்காஹ்ல நானே குடுத்திருக்கேன். எங்க குதிரைக்காரனோட மக. சின்னப் பொண்ணு, துருதுருன்னு இருப்பா. பேரு... பேரு ஞாபகம் இல்ல. தங்கச்சிக்குத் துணையா இருக்கட்டும்னு அனுப்பினேன். ஆத்தாக்காரி கொஞ்ச நாள் எங்க வாசல்ல வந்து உக்காந்து அழுதா, அப்பறம் வரல. மறந்திருப்பா. அந்த சனங்களுக்கு இதெல்லாம் சீக்கிரம் மறந்துடும். குதிரைக்காரன் வாயே தொறக்கல, மறுநாளும் வழக்கம்போல வந்து சேணத்தைப் பிடிச்சான். நாங்க ஒண்ணும் இவங்க மாதிரி இல்ல, புதுத் துணி உடுத்தி மரியாதையாத்தான் அனுப்பினோம்.

ஏன் சுத்தியல நிறுத்திட்ட? என்ன அப்படிப் பாக்கற? அடி, அடி. பொழுது போவுது.

கல்யாணத்துக்கு மறுநாள் காலையில நான் கறந்துக்கிட்டிருக்கேன். துரை பட்டிக்கு வராரு. அவரு பின்னால கங்காணி, சமையக்காரி, கல்யாண வீட்டு வண்டிக்காரங்க. ரோடாவும் நிக்கறா. துரை எந்தோள்ல கைய வெச்சு, "டியூக், நான் கல்நெஞ்சக்காரன் இல்ல. உன் பையன நான் தொட மாட்டேன். நீ அவனத் தோள்ல வெச்சுக்கிட்டுத் திரியறத மாடியிலருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அந்தப் பொண்ணை என் மகளோட அனுப்பறேன். நீதான் அவள ஏறெடுத்தும் பாக்கறதில்லையே. உனக்கொண்ணும் வருத்தமில்லையே?"ங்கறாரு.

கேட்டியா? எனக்கு நல்லது செய்யறதா நெனச்சுக்கிட்டாரு! வளர்ப்பு சரியில்ல ஐசக், அந்த மனுசனுக்கு வளர்ப்பு சரியில்ல. எங்க ஊர்ல யாரக் கேட்டாலும் சொல்லுவான், ஒரு அப்பன் எந்தப் பிள்ளையப் பாக்காம இருக்கானோ அதுதான் அவன் உசுருன்னு. இத்தன வருசம் மாடியில நின்னு பாத்தாராமே, என்னத்தப் பாத்தாரு?

நான் "துரை இஷ்டம்"னேன்.

என்ன சொல்லச் சொல்ற? அத்தன பேர் நிக்கறாங்க. அவங்க முன்னால வாயத் தொறந்து, மொதப் பிள்ளையப் பத்தி, அவ எனக்கு வேணும், அவள விட்டுட்டு என்னால முடியாதுன்னு... எங்க வாப்பா முகத்துல நாளைக்கு மறுமையில நான் எப்படி முழிக்கறது? ரோடா கத்தினா. "சொல்லுய்யா, ஒரு தடவ சொல்லு, அவ எம்பொண்ணுன்னு சொல்லு, துரை கேப்பாரு"ன்னு என் சட்டையப் பிடிச்சு உலுக்கினா. துரை நின்னாரு. நான் பேசுவேன்னு கொஞ்ச நேரம் நின்னாரு, அதையும் சொல்லணும். அப்பறம் திரும்பிப் போயிட்டாரு.

அவ வண்டியில ஏறறப்ப நான் பசுவோட வயித்துல நெத்தியச் சாச்சு வெச்சுக்கிட்டுக் கறந்துக்கிட்டிருந்தேன். என்னைப் பாத்தாளான்னு தெரியாது. வண்டி கெளம்பற வரைக்கும் கறந்தேன். மடியில பால் நின்னு போச்சு, அப்பவும் கறந்தேன். பசு ஒதைச்சிடுச்சு. அன்னிக்கும் மொதக் கிண்ணத்தத் தூண் மேல வெச்சேன். சாயங்காலம் வரைக்கும் ஈ மொச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. நான் எடுக்கல.

யா அல்லா. ஒரு வாய் தண்ணி குடு ஐசக்.

அடுத்த வருசமே அந்த மாப்பிள்ள தோட்டத்தை வித்துட்டானாம். ஆளுங்களையும் பிரிச்சு, அந்தச் சீமையில யார் யாருக்கோ வித்துட்டானாம். துரையே சொன்னாரு, எங்க இருக்கான்னு அவருக்கும் தெரியலையாம். கரும்புத் தோட்டத்தப் பத்தி நீ கேள்விப்பட்டிருப்ப. ஆலையில சாறு காய்ச்சற எடத்துல பொண்ணுங்க நிக்கறாங்களாம், தூக்கக் கலக்கத்துல கொதிக்கற கொப்பரையில கைய விட்டுடறாங்களாம். அங்க போனவங்க ரொம்ப நாள் இருக்கறதில்லைன்னு சொல்றாங்க. நெசமா? வேணாம், சொல்லாத.

அவ வண்டியேறின அன்னிலருந்து ரோடா எங்கிட்ட பேசறதில்ல. கஞ்சி வெப்பா, பேச மாட்டா. நேத்து உன் வண்டி வந்தப்பறம் எங்கிட்ட வந்து நின்னா. "அந்த வண்டிக்காரன் இந்தப் பஞ்சு மூட்டைய எறக்கினதும் படகுல கீழ போறானாம், குளிர்காலம் பூரா கரும்புச் சீமையிலதான் வேலையாம். போ. உன் வாயால கேளு"ன்னா. அதான் வந்தேன். இதான் காரியம். அவளத் தேடணும் நீ. கண்டுபிடிச்சு, அவ உசுரோட இருக்கான்னு ஒரு வார்த்த எனக்கு வந்து சேரணும். எங்க இருக்கான்னு தெரிஞ்சா துரை கால்ல விழுந்தாவது வாங்கித் தரச் சொல்லுவேன். விழுவேன். நான் விழுவேன், ஐசக்.

பேரு நான்சி. ஆமா, எல்லாத் தோட்டத்துலயும் நாலு நான்சி இருப்பா, எனக்குத் தெரியாதா? வித்த எடத்துல வேற பேர் வெச்சிருக்கவும் வெச்சிருப்பான், அதுவும் தெரியும். அடையாளமா? அடையாளம்... நல்ல ஒசரம் வந்திருப்பா இப்ப. கை எனக்குத் தெரியும். தூண் மேல கிண்ணத்தை எடுக்க வர்ற கை, சுண்டு வெரல் மட்டும் தனியா நீட்டிக்கிட்டு நிக்கும். பாதம் தெரியும், மாட்டுக்கால் நடுவுல பாத்திருக்கேன். நெழல் தெரியும்.

முகம்... முகத்த ரோடாகிட்ட கேட்டுக்கோ. நான் நேராப் பாத்ததில்ல.

சிரிக்கறியா? இல்லயா. சரி. ரோடா சொல்ற முகம் ரெண்டு வருசத்துக்கு முந்தின முகம், அதுவும் சரிதான். பின்ன எப்படித்தான் கண்டுபிடிக்கறது? அவளுக்குச் சொந்தப் பேர் ஒண்ணு இருக்குன்னேனே, அதச் சொல்லட்டுமா? எனக்கும் அல்லாவுக்கும் மட்டும் தெரிஞ்ச பேரு. அந்தச் சீமையில அந்தப் பேர்ல வேற யாரும் இருக்க மாட்டாங்க. அதச் சொல்லிக் கூப்பிட்டா... இரு. இரு, ஐசக். இத்தன வருசத்துல வாய் பழகல. நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோயேன்.

சஃபியத்து.

சஃபியத்து. எம்மக சஃபியத்து. எம்மொதப் பிள்ள.

ரோடா செவுத்தப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா பாரு. அவளும் இன்னிக்குத்தான் கேக்கறா.

என்ன கேக்கற? மறுபடி சொல்லு. அந்தப் பேரு அவளுக்குத் தெரியுமான்னா?

தெரியாது. ஏழாம் நாள் காதுல சொன்னது எந்தப் பிள்ளைக்கு ஞாபகம் இருக்கும்? எங்க ஊர்னா நான் கூப்பிடாட்டி என்ன, சித்தப்பன் கூப்பிடுவான், மாமி கூப்பிடுவா, ஊரே அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டுக் கொஞ்சும். வாப்பா பேசலைங்கறது பிள்ளைக்குத் தோணவே தோணாது. இங்க யாரு இருக்கா? நான் ஒருத்தன்தான் இருந்தேன். நீ கரும்புக்காட்டு நடுவுல நின்னு நாள் பூரா அந்தப் பேரச் சொல்லிக் கத்தினாலும் அவ குனிஞ்ச தலை நிமிராம வெட்டிக்கிட்டே இருப்பா. யாரையோ கூப்பிடறாங்கன்னு இருப்பா. என் வாயால அவ கேட்டது ஒண்ணுமே இல்லையே. ஒண்ணுமே இல்லையே, ஐசக்!

இல்ல. இருங்க. போயிடாதீங்க. சக்கரம் மாட்டியாச்சா? மாட்டியாச்சு. ஐசக் அண்ணே, ஒரு நிமிசம், உங்களுக்குப் புண்ணியமாப் போவும். அவ கேட்டது ஒண்ணு இருக்கு. தெனம் கேட்டது. இத மட்டும் கத்துக்கிட்டுப் போங்க. தொண்டையில அடியிலருந்து வரணும், கடைசியில கொஞ்சம் மேல தூக்கணும். ஹோ... ஓ... ஓய்... யா. சொல்லுங்க. அப்படியில்ல, அதுக்கு மாடு திரும்பாது. மூச்ச உள்ள வாங்கிக்கிட்டு. ஹோ... ஓ... ஓய்... யா.

அங்க பாருங்க, தலையத் தூக்கிடுச்சு. எல்லாம் வருது. ஞாயித்துக்கெழமை உச்சிப் பொழுதுல எதுக்குக் கூப்பிடறான்னு அதுங்களுக்குத் தெரியாது, இருந்தும் வருது. இப்ப நீங்க. ஆங், பரவால்ல. இன்னொரு தடவ. படகுல போறப்பச் சொல்லிப் பாத்துக்கிட்டே போங்க, யாராவது சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. ஒவ்வொரு கரும்புக்காட்டு ஓரத்துலயும் நின்னு இப்படிக் கூப்பிடுங்க. எவளாவது கையில இருக்கறதப் போட்டுட்டுத் திரும்புவா. சுண்டு வெரலப் பாருங்க. அவகிட்ட போய், இத உங்க வாப்பா சொல்லியனுப்பினாருன்னு சொல்லுங்க. தெனம் பட்டி வாசல்ல நின்னு அவரு கூப்பிட்டது மாட்டை இல்லைன்னு சொல்லுங்க.